பூனாவுக்குப் போகிற பிள்ளை

கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக் கூடாது என்பது ஊருக்கெல்லாம் தெரிந்த சொல். ஆறுமுகத்தாய்க்கு அது வெறும் சொல் அல்ல, சட்டம். அடுப்பில் பால் பொங்கினால்கூட ஆறும் வரைக்கும் வெளியே சொல்ல மாட்டாள். அப்படிப்பட்டவளின் ஒரே மகளுக்கு ஜெர்மனியில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்து, செலவு மொத்தத்துக்கும் ஸ்காலர்ஷிப்பும் கிடைத்துவிட்டது என்று தெரிந்தால் அவள் என்ன செய்வாள்? எழுந்து போய் முதல் வேலையாகக் கதவைச் சாத்தினாள்.

மகள் விஜயராணி அப்போது மாலாவில் உட்கார்ந்திருந்தாள். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் தலைக்கு மேலே பலகை அடித்துக் கட்டிய பரணைத்தான் தாராவியில் மாலா என்பார்கள். நான்கு வருஷமாக அவளுக்குப் படிக்கும் அறையும் அதுதான், படுக்கும் அறையும் அதுதான். மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மறுபடியும் அழுதாள். குழாயில் வருகிற தண்ணீருக்கும் சாக்கடையில் போகிற தண்ணீருக்கும் நடுவே வளர்ந்த பெண் அவள். தண்ணீரைச் சுத்தம் செய்வது பற்றித்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்று, இரண்டு வருஷம் விண்ணப்பம் எழுதி எழுதி, இன்றைக்குக் கிடைத்திருக்கிறது.

"எதுக்கும்மா கதவ அடைக்க? வேர்க்குது."

"மொதல்ல சத்தத்தக் கொறை. செவுத்துக்கு அந்தப் பக்கம் ஆளு இருக்கு."

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த ஆள் முருகம்மாள். இருபத்திரண்டு வருஷமாக ஒரே சுவர். திருச்செந்தூர்ப் பக்கம் அடுத்தடுத்த ஊர்க்காரிகள், பம்பாய்க்கு வந்து அடுத்தடுத்த கதவுக்காரிகள் ஆனார்கள். இரண்டு வாசலுக்கும் பொதுவான ஒடுங்கின இடத்தில் ஒரு பெரிய அடுப்பு. ஆறுமுகத்தாய் முறுக்கு பிழிவாள், முருகம்மாள் பொரித்து எடுப்பாள். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஏழெட்டுக் கடைகளுக்கு அவர்கள் முறுக்குதான் போகிறது.

தலைப்பிரசவத்துக்கு ஊருக்குப் போன ஆறுமுகத்தாய் மூன்று மாதக் கைக்குழந்தையோடு சி.எஸ்.டி. ஸ்டேஷனில் வந்து இறங்கியபோது பிள்ளையை வாங்கிய முதல் கை முருகம்மாளுடையது. அப்புறம் அந்தக் கை விடவே இல்லை. பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனது அவள். காய்ச்சல் என்றால் சயான் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றது அவள். ராணி அவளைச் சித்தி என்று கூப்பிடுவாள். யாராவது கேட்டால் முருகம்மாள், "எம் மக" என்பாள். அதைத் திருத்த யாருக்கும் தோன்றியதில்லை.

முருகம்மாளுக்குப் பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரி பார்த்தார்கள், நேர்ந்துகொண்டார்கள், பிறகு பார்ப்பதையும் நேர்வதையும் விட்டுவிட்டார்கள். அதைப் பற்றி அவள் புலம்பியதை யாரும் கேட்டதில்லை. கல்லியில், அதாவது அந்தச் சந்தில், எந்த வீட்டிலாவது வளைகாப்பு என்றால் மட்டும், புருஷன் செல்லப்பாண்டி வேலை பார்க்கும் குர்லா பட்டறையில் அன்றைக்குப் பார்த்து அவளுக்கு ஏதோ ஒரு சோலி வந்துவிடும்.

"விசா கையில வாற வரைக்கும் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது" என்றாள் ஆறுமுகத்தாய். "யாரு கேட்டாலும் பூனாவுல வேல கெடச்சிருக்குன்னு சொல்லு."

அவள் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் புருஷன் சுடலைக்கண்ணனுக்கு மஸ்கட்டில் தையல் வேலை என்று ஒரு ஏஜென்ட் சொன்னான். விசா வருவதற்கு முன்னாலேயே ஆறுமுகத்தாய் ஒரு கிலோ பேடா வாங்கிக் கல்லி முழுக்கக் கொடுத்தாள். முதல் பேடாவை முருகம்மாள் வாயில்தான் வைத்தாள். அடுத்த வாரம் ஏஜென்ட் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டான். ஏமாற்றினவனை அவள் ஒரு நாள் திட்டினாள், அத்தோடு சரி. ஊர்க் கண்ணைத்தான் பதினைந்து வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

"மத்தவங்க ஓகே. சித்திகிட்டயுமா?" என்றாள் ராணி.

ஆறுமுகத்தாய் அரிசி களைய எழுந்தாள். அவள் மனதில் ஒரு எண்ணம் இருந்தது. அதற்கு அவள் பெயர் வைக்கவில்லை, வாய்விட்டுச் சொல்லவில்லை, தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லாவிட்டால் இல்லை என்று ஆகிவிடுமா என்ன? பிள்ளையில்லாதவள் கண் பொல்லாதது என்று சின்ன வயதில் கேட்டது அவளுக்குள் எங்கேயோ உட்கார்ந்திருந்தது. இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தால் அதை எழுப்பி வெளியே அனுப்ப முடியவில்லை.

சுடலைக்கண்ணனைப் பற்றிக் கவலை இல்லை. தோல் பை தைக்கிறவன், வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டே பாதி நாள் கழிப்பவன். ரகசியம் காக்க அவனுக்குத் தனியாகப் பயிற்சி வேண்டாம்.

ஆனால் பொய் இருக்கிறதே, அதை ஒரு மூலையில் உட்கார வைக்க முடியாது. பூனா என்று சொன்ன மறுநாளே முருகம்மாள் அந்தப் பூனாவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

"பூனாதான யக்கா? காலைல ரயில் ஏறினா மத்தியானச் சோத்துக்குப் போயிரலாம். மாசம் ரெண்டு ஞாயித்துக்கெழம நான் போயிட்டு வந்துருவேன். ஒனக்கு எங்க நேரம் இருக்கு?"

எண்ணெய்ச் சட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் இதைச் சொல்லும்போது, இந்தப் பக்கம் உட்கார்ந்து முறுக்கு உரலைத் திருகிக்கொண்டிருந்த ஆறுமுகத்தாய் தலையை நிமிர்த்தவில்லை. குர்லா பட்டறை முதலாளியின் தங்கச்சி பூனாவில் இருக்கிறாளாம். அவளிடம் கேட்டு முருகம்மாள் மூன்று லேடீஸ் ஹாஸ்டல் நம்பர் வாங்கி வந்தாள். மார்கழியில் பூனாவில் குளிருமாமே என்று ஒரு ஸ்வெட்டர் வாங்கி வந்தாள். ராணி அதைப் போட்டுப் பார்த்தபோது, "கை கொஞ்சம் நீளம். பரவால்ல, மடிச்சு விட்டுக்கோ" என்று தானே மடித்துவிட்டாள். ராணி மாலாவுக்கு ஏறிப் போய் நெடுநேரம் இறங்கவில்லை.

"என்னால முடியலம்மா" என்றாள் அன்று சாயங்காலம். "சித்தி மூஞ்சியப் பாக்க முடியல."

"இன்னும் ரெண்டே மாசம். பல்லக் கடிச்சுக்கோ."

அந்த இரண்டு மாதத்தில் முதலில் வர வேண்டியது பாஸ்போர்ட். அதுவரைக்கும் தாதரைத் தாண்டிப் போக ராணிக்குப் பாஸ்போர்ட் தேவைப்பட்டதில்லை. ஏப்ரலில் விண்ணப்பித்தாள். ஜூன் ஒன்பதாம் தேதி விசா ஆபீசில் நேரம் குறித்திருந்தார்கள். அன்றைக்குப் பாஸ்போர்ட் கையில் இல்லையென்றால் அந்த நேரம் போய்விடும். அடுத்த நேரம் அக்டோபருக்குப் பிறகுதான், அதற்குள் வகுப்புத் தொடங்கி இடமும் போய்விடும்.

மே மாதம் ஒரு நாள், ஆறுமுகத்தாய் மாட்டுங்காவில் கடைகளுக்கு முறுக்கைக் கொடுத்துவிட்டு மதியம் திரும்பினாள். கல்லி முனையிலேயே முருகம்மாள் காத்திருந்தாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், வீட்டுக்குள் விட்டு, கதவைச் சாத்தினாள்.

"என்னட்டி?"

"பதறாத. நான் பாத்துக்கிட்டேன். போலீசுக்காரன் வந்தான் யக்கா. கையில ஒரு பேப்பரு. நம்ம ராணி பேரச் சொல்லி, இங்கதான் இருக்காளான்னு கேக்கான்."

ஆறுமுகத்தாய்க்கு உடனே விளங்கிவிட்டது. பாஸ்போர்ட்டுக்காகப் போலீஸ் வீட்டுக்கு வந்து விசாரிக்கும் என்று ராணி சொல்லியிருந்தாள்.

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்ல? அப்படி யாரும் இங்க இல்ல சாப்னு சொன்னேன். அவன் விடுதானா? இந்த வீட்டுல யாரு இருக்கான்னு ஒன் வீட்டக் காட்டிக் கேட்டான். அது எங்க முறுக்குக் கோடவுனு, ஆளு யாரும் குடியிருக்கலன்னு சொல்லிட்டேன். எம் பேரையும் கேட்டு எழுதிக்கிட்டான். கையி நடுங்குச்சு. ஆனா வாயி நடுங்கல."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். வேர்வையில் குங்குமம் கலைந்திருந்தது. ஒரு பெரிய ஆபத்திலிருந்து பிள்ளையைக் காப்பாற்றிய சந்தோஷம் முகமெல்லாம் இருந்தது.

போலீஸ் என்றால் அவளுக்கு ஏன் அப்படி என்றால், பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு போலீஸ்காரன் இதே போல் வந்து செல்லப்பாண்டியின் தம்பி வீடு எது என்று கேட்டான். ஏதோ நல்லதுக்காகத்தான் இருக்கும் என்று அவளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். யாரோ செய்த திருட்டுக்காக அந்தப் பையன் பதினெட்டு நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தான். அன்றிலிருந்து போலீஸ் எதைக் கேட்டாலும் அந்தக் கல்லியில் பதில் ஒன்றுதான்: "மாலூம் நஹி சாப்", தெரியாது ஐயா. பிள்ளைகள்கூட அதைப் பேசப் பழகியதும் கற்றுக்கொண்டுவிடும்.

ஆறுமுகத்தாய் வாயைத் திறந்தாள். நீ காப்பாற்றவில்லை, கெடுத்துவிட்டாய் என்று சொல்ல வேண்டும். சொன்னால் எதற்காகப் போலீஸ் வந்தது என்றும் சொல்ல வேண்டும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். வாயை மூடியே கெட்ட நுணல் உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

"டீ போடட்டா?" என்றாள் கடைசியில்.

அன்றைக்கு ராணி கல்லூரி லேபில் இருந்திருக்கிறாள், போன் சத்தமில்லாமல் பைக்குள் கிடந்திருக்கிறது. பார்த்தபோது தெரியாத நம்பரிலிருந்து இரண்டு அழைப்பு. திருப்பிக் கூப்பிட்டால், அறிக்கை அனுப்பியாயிற்று என்றார் வந்து போன ஹவல்தார். பத்து நாளில் செய்தி வந்தது: சொன்ன விலாசத்தில் அவள் வசிக்கவில்லை, பாஸ்போர்ட் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.

தாயும் மகளும் பாஸ்போர்ட் ஆபீசுக்கு நடந்தார்கள். அங்கே மறுபடி விசாரிக்கச் சொல்லிப் போலீசுக்கே அனுப்பினார்கள். ஸ்டேஷனில் ஹவல்தார் பொறுமையாகத்தான் பேசினார். ரேஷன் கார்டு, லைட் பில், காலேஜ் அட்டை எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தார். பிறகு தன் நோட்டைத் திறந்து ஒரு வரியில் விரலை வைத்தார்.

"முருகம்மா செல்லப்பாண்டி, பக்கத்து வீடு. இது கோடவுன் என்று சொன்னது இந்த அம்மா. பக்கத்து வீட்டுக்காரியே இல்லை என்று சொன்னதை நான் எப்படி மாற்றுவது? அவரைக் கூட்டி வாருங்கள். அவர் வாயால் சொல்லிக் கையெழுத்துப் போட்டால் இன்றைக்கே மாற்றி எழுதுகிறேன்."

வெளியே வந்ததும் ஆறுமுகத்தாய்க்கு ஒரு யோசனை உதித்தது. ஒரு பொய்க்குத் துணை இன்னொரு பொய்தானே.

"பூனா வேலைக்குப் போலீசு சர்டிபிகேட் வேணுமாம்னு சொல்லிக் கூட்டிட்டு வந்துருவோம்."

ராணி ரோட்டிலேயே நின்றுவிட்டாள். பின்னால் வந்த ஸ்கூட்டர்காரன் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போனான்.

"போலீஸ் ஸ்டேஷன்னாலே சித்திக்கு எப்படி இருக்கும்னு ஒனக்குத் தெரியும். அங்க கூட்டிட்டுப் போயி, பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கணுமா? நான் மாட்டேன். உண்மையச் சொல்லிக் கூப்புடு. இல்லன்னா நான் எங்கயும் போகல. அவ்வளவுதான், முடிஞ்சுது."

அன்றைக்குத் தேதி மே இருபத்தெட்டு.

மதியம் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. முதல் ஈடு முறுக்கு எண்ணெயில் கிடந்தது. முருகம்மாள் கம்பியால் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"முருகு, அடுப்ப அணை."

"ஈடு எடுத்துட்டு அணைக்கேன். என்ன யக்கா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"ராணி பூனாவுக்குப் போகல."

"வேல இல்லன்னுட்டானா? போறான் கழுதப்பய. நம்ம பிள்ளைக்கு வேலையா கெடைக்காது?" திட்டினாலும் அவள் குரலில் ஒரு ஆறுதல் எட்டிப் பார்த்தது.

"வேலையே இல்ல. ஜெர்மனிக்குப் போறா. மேல படிக்க. மார்ச்சுலயே முடிவாயிட்டு. அந்தப் போலீசுக்காரன் பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க வந்தவன்."

முருகம்மாளின் முகம் மலர்ந்ததை ஆறுமுகத்தாய் பார்த்தாள். சாகும் வரைக்கும் அதை மறக்க மாட்டாள். "ஜெர்மனியா? நம்ம ராணியா?" என்று எழுந்தே விட்டாள் முருகம்மாள். மறு நிமிஷம் கையிலிருந்த கம்பி கீழே விழுந்தது.

"அய்யோ. நான் கெடுத்துட்டேனா?"

"நீ கெடுக்கல. கெடுத்தது நான்."

"மார்ச்சு, ஏப்ரலு, மே..." முருகம்மாள் விரல் விட்டு எண்ணினாள். "யாருக்கெல்லாம் தெரியும்?"

"எங்க மூணு பேருக்குத்தான். யாருகிட்டயும் சொல்லல முருகு. ராணி அப்பாவோட அண்ணன் தம்பிகிட்டகூடச் சொல்லல."

"யாருகிட்டயும் சொல்லல, சரி. நானும் யாரோவா?"

எண்ணெயில் முறுக்கு சிவந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள், எடுக்கவில்லை.

"நான் பிள்ள பெறாதவ. எங் கண்ணு பட்டுரும்னு நெனச்சியா யக்கா?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். மூன்று மாதமாகப் பொய்யே சொல்லிப் பழகிய நாக்கு அது. ஆனால் இந்த ஒன்று வரவில்லை. இத்தனை பொய்க்குப் பிறகு இவளுக்கு ஒரு உண்மையாவது கொடுக்க வேண்டும் என்று ஆறுமுகத்தாய்க்குத் தோன்றியதோ, அல்லது மனசு அலுத்துப் போனதோ.

"நெனச்சேன்" என்றாள்.

முருகம்மாள் அடுப்பை அணைத்தாள். கருகின முறுக்கை எடுத்துத் தனியாக வைத்தாள். கையைக் கழுவி முந்தானையில் துடைத்தாள். தன் கதவு வரை போனவள் நின்று திரும்பினாள்.

"அப்பம் மஸ்கட்டுக்கும் நாந்தானா?"

பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டாள். ஆறுமுகத்தாய் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். மகள் போக முடியாமல் போய்விடுமோ என்பதற்காக அழுகிறோமா, முருகம்மாள் கேட்டதற்காக அழுகிறோமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் முருகம்மாள் வாசலில் நின்றாள். பொங்கலுக்கு எடுத்த சேலை, தலையில் பூ, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் ஆதார் கார்டும் லைட் பில்லும்.

"எத்தன மணிக்குப் போகணும்?" என்று ராணியைப் பார்த்துத்தான் கேட்டாள்.

ஸ்டேஷன் பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். ராணி நடுவில். ராணியின் மடி மேல் கிடந்த முருகம்மாளின் கை பிளாஸ்டிக் பையை விடவே இல்லை. அந்தக் கையை எட்டிப் பிடித்துக்கொள்ள ஆறுமுகத்தாய்க்கு ஆசை, பிடிக்க முகம் இல்லை.

ஹவல்தார் அன்றைக்கு ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டார். முருகம்மாள் எழுந்து நின்றாள். அவள் பேசியது தாராவி ஹிந்தி. விஷயம் இதுதான்:

"போலீஸ் ஒரு பிள்ளையத் தேடி வந்தா, என் வாயில இல்லன்னுதான் வரும் சாப். நல்லதுக்கும் நீங்க தேடி வருவீங்கன்னு எனக்கு யாரும் சொல்லல."

ஹவல்தார் சிரித்துவிட்டார். ஆறுமுகத்தாயால் சிரிக்க முடியவில்லை. "இந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன வேணும்?" என்றார் அவர், பேனாவை எடுத்துக்கொண்டு.

இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். ராணி சித்தியை நிமிர்ந்து பார்த்தாள். முருகம்மாள் யாரையும் பார்க்கவில்லை.

"சேஜாரி" என்றாள். மராத்தியில் பக்கத்து வீட்டு ஆள் என்று அர்த்தம்.

காட்டின இடத்தில் தமிழில் எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள்.

ஜூன் ஐந்தாம் தேதி பாஸ்போர்ட் வந்தது. ஒன்பதாம் தேதி விசா ஆபீஸ் வேலை முடிந்தது. ஆகஸ்டில் விசாவும் வந்துவிட்டது. ஆனால் விசாவுக்கெல்லாம் காத்திராமல் ஜூனிலேயே ஆறுமுகத்தாய் வீடு வீடாகப் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். ஊர்க் கண் மொத்தமும் பட்டது. பட்டால் படட்டும் என்று இருந்தாள். ஒன்றும் ஆகவில்லை.

முருகம்மாள் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். நேரத்துக்கு அடுப்படிக்கு வந்தாள். "எண்ணெ காஞ்சிட்டு" என்பாள். "மாவு போதும்" என்பாள். அதற்கு மேல் பேச்சு இல்லை. ராணி எப்போதும் போல அவள் வீட்டில் போய்ச் சாப்பிட்டாள், அவள் மடியில் தலைவைத்துப் படுத்தாள். பிள்ளைக்கு அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆறுமுகத்தாய் வீட்டு வாசற்படியை மட்டும் மிதிக்கவில்லை. ஒரு முறை ஆறுமுகத்தாய், "மன்னிச்சுரு முருகு" என்று அடுப்படியில் வைத்துக் கேட்டாள். "அதுல என்ன இருக்கு யக்கா, ஊரு ஒலகத்துல இல்லாததா" என்றாள் முருகம்மாள். மன்னிக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

செப்டம்பர் கடைசியில், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ராணி கிளம்ப வேண்டும். கல்லி முழுக்கக் கூடிவிட்டது. கார் உள்ளே வராது, தொண்ணூறு அடி ரோட்டில் நின்றது. சுடலைக்கண்ணன் பெரிய பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் போய்விட்டான். அவன் கண் கலங்கியதை யாரும் பார்க்கக் கூடாதென்றுதான் அந்த அவசரம்.

நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவர்களுக்கு எதிரே நிறைகுடத்தோடு ஒரு சுமங்கலி வர வேண்டும். கல்லிப் பெண்களே பேசி, கோடி வீட்டுக்காரியை நிறுத்தியிருந்தார்கள். மூன்று ஆண்பிள்ளை பெற்றவள். மஞ்சள் பூசிய குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் கல்லி முனையில் தயாராக நின்றாள்.

முருகம்மாள் கதவு சாத்தியிருந்தது.

"காலைலயே எல்லாம் பேசியாச்சும்மா" என்றாள் ராணி. அழுது மூக்கு சிவந்திருந்தது. "கெளம்புற நேரம் முன்னால வர மாட்டாளாம். நான் போன பெறகு வெளிய வாராளாம். எவ்ளோ கெஞ்சினேன் தெரியுமா?"

ஆறுமுகத்தாய் அந்தக் கதவைப் பார்த்தாள். பிறகு கல்லி முனையைப் பார்த்தாள். ஒன்று சொல்லிவிட வேண்டும், அவள் ஒன்றும் திடீரென்று ஞானம் வந்தவள் ஆகிவிடவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. கடல் தாண்டி, கண் காணாத தேசத்துக்கு ஒற்றைப் பெண்ணை அனுப்புகிறாள். கிளம்புகிற நேரத்தில் சகுனம் பிசகினால் என்ன ஆகும்? அப்படியும் விறுவிறுவென்று நடந்து போய்க் கோடி வீட்டுக்காரியிடம் கையை நீட்டினாள்.

"குடத்தக் குடு."

"எதுக்கு? நான் வாரேன்லா?"

"குடும்மா. கோவிச்சுக்காத."

குடத்தை வாங்கிக்கொண்டு அத்தனை பேரும் பார்க்க முருகம்மாள் கதவைத் தள்ளித் திறந்தாள். உள்ளே அவள் தரையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"எந்தி."

"பிள்ள போகட்டும். பெறகு வாரேன்."

"நீ எதுர வந்தாத்தான் அவ போவா."

முருகம்மாள் குடத்தைப் பார்த்தாள், வாசலில் எட்டிப் பார்க்கும் தலைகளைப் பார்த்தாள். "ஒனக்கென்ன கிறுக்கா? ஊரு என்ன சொல்லும்? நாளைக்கு அவளுக்கு ஒரு தலைவலி வந்தாலும் என்னத்தான்..."

"எவ சொல்லுதான்னு நான் பாக்கேன். எந்தி முருகு. நேரமாவுது."

குடம் கை மாறியது. கூடியிருந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். முருகம்மாள் முனை வரைக்கும் போய்த் திரும்பி நின்றாள். ராணி வலது காலை எடுத்து வைத்தாள். ஒருத்தி அந்தப் பக்கமிருந்தும் ஒருத்தி இந்தப் பக்கமிருந்தும் நடந்தார்கள். நடுவில் சந்தித்தபோது ராணி குனிந்து காலைத் தொட்டாள். முருகம்மாள் ஒரு கையால் குடத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவள் தலையைத் தடவினாள்.

"போயிட்டு வா, எம் மக்கா. திரும்பிப் பாக்காமப் போ."

ராணி திரும்பிப் பார்க்காமல் போனாள். அப்பாவும் மகளும் ஏறிய கார் சயான் பக்கம் திரும்பி மறைந்தது. கூடியவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். இவர்கள் இரண்டு பேர் மட்டும் கல்லி முனையில் நின்றார்கள்.

"ஒனக்குப் பயமா இல்லியா யக்கா?" என்றாள் முருகம்மாள், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

"இருக்கு. இந்தா, கையத் தொட்டுப் பாரு."

முருகம்மாள் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது.

"பெறகு எதுக்குக் கொடத்த எங்கிட்டக் குடுத்த?"

"அவ ஒனக்கும் மகதான?" ஆறுமுகத்தாய் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள். "நாளைக்குக் காலைலதான் பிளேன் எறங்குமாம். அதுவரைக்கும் எங்கூட வந்து இரு முருகு. ரெண்டு பேருமாச் சேந்து பயப்படுவோம்."

முருகம்மாள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, முன்னால் நடந்து, ஆறுமுகத்தாய் வீட்டு வாசற்படியை மிதித்து உள்ளே போனாள்.